சிவ் 6: கலாசார வெற்றிக்கு முதல் 100 டேர்னில என்ன செய்யிறது?

முறிகண்டிக் கடலை (கிளிநொச்சி)

எல்லாருக்கும் வணக்கம். 2020 மே மாசம் எபிக் ஸ்டோரில சிவிலைசேசன் 6 (சிவ் 6) எண்ட கொம்பியூட்டர் கேமை இலவசமாக் குடுக்கேக்க எடுத்து வைச்ச ஆக்களில நானும் ஒராள். சண்டை பிடிச்சு வெல்லுறது அலுத்துப்போச்சு. இந்தமுறை கலாசார வெற்றிதான் எண்டு றோமோட துவங்கியிருக்கிறன். கிங் லெவல், சின்ன மேப், என்னோட சேத்து ஆறு நாடு.

இப்ப டேர்ன் (சுற்று) 34. ரெண்டு நகரம். தலைநகர் ஆத்தங்கரையில. பக்கத்தில கல்லு இருந்தபடியா ஸ்டோன்ஹென்ஜ் எண்ட அதிசயத்தைப் போட்டிருக்கிறன், முடிய இன்னும் 14 டேர்ன் காட்டுது. கிழக்கை கிரேக்கத்து பெரிக்கிளிஸ், அவற்றை எல்லை மெல்ல மெல்ல என்ரை பக்கம் நெருங்குது. தெற்கை கண்டி! நகர அரசுதான் (ஒரே நகரமுள்ள குட்டி நாடு), ஆனா மேப்பில அந்தப் பேரைக் கண்டோன்ன சிரிப்பு வந்திட்டுது. வடக்கையும் மேற்கையும் வெறுங் காணி. வடமேற்கில ஒரு மலைத்தொடர், அடிவாரத்தில நல்ல காடு.

கலாசார வெற்றிக்கு அதிசயங்கள்தான் முக்கியம் எண்டு யூடியூப்பில ஒராள் சொல்லுறார். இன்னொராள் அதிசயமே கட்டாதை, நகரம் கட்டு எண்டுறார். ஸ்டோன்ஹென்ஜை முடிக்கவோ, விட்டிட்டு செட்லர் (புது நகரம் துவங்கிற ஆக்கள்) போடவோ? எத்தினை நகரம் காணும்? தியேட்டர் ஸ்குவயர் எண்ட கலாசார மாவட்டத்தை எப்ப துவங்கிறது? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

---

மல்லாவி மொபைல் (மல்லாவி)

மச்சான், நாலு நகரத்துக்கு மேல போகாதை. அதுக்கு மேல ஒவ்வொரு நகரத்துக்கும் கொள்கை விலை ஏறும், கலாசாரம் இழுபடும். நான் போன கேம் மூண்டே மூண்டு நகரத்தோட வெண்டனான். தலைநகரில அதிசயம் அதிசயமாக் கட்டு. மற்றதெல்லாம் சும்மா கதை.

---

உழுந்துவடை (புதுக்குடியிருப்பு)

கண்டி தெற்கை இருக்கெண்டா மேப் சரியாத்தான் வந்திருக்கு. இரணைமடு எங்கையெண்டு பாரும்.

---

குளக்கட்டு (பாண்டியன்குளம்)

மல்லாவித் தம்பி சொல்லுறது சிவ் 6-க்குப் பொருந்தாது. ஆறில நகரம் கூடினா கொள்கை விலை ஏறாது. கடலை, நீர் அதைக் கேட்டு நாலோட நிண்டீரெண்டா 200-ஆவது டேர்னில அதிசயங்களை வைச்சுக்கொண்டு சும்மா பாத்துக்கொண்டிருப்பீர். ஆனபடியா கொஞ்சம் விரிவா எழுதுறன்.

முதல்ல வெற்றி எப்பிடிக் கணக்குப் பாக்கினம் எண்டு விளங்க வேணும். ஒவ்வொரு நாட்டுக்கும் உள்ளூர்ச் சுற்றுலாப் பயணியள் எண்டு ஒரு தொகை இருக்கு. அந்த நாடு துவக்கத்தில இருந்து சேத்த மொத்தக் கலாசாரத்தில 100-க்கு ஒராள். உமக்கு வாற வெளிநாட்டுப் பயணியளின்ரை மொத்தத் தொகை, மற்ற நாடுகள் ஒவ்வொண்டின்ரை உள்ளூர்த் தொகையையும் தாண்ட வேணும். அப்ப வெற்றி. வெளிநாட்டுப் பயணி ஒராள் வர எவ்வளவு சுற்றுலாப் புள்ளி வேணும் எண்டது பதிப்புக்குப் பதிப்பு மாறினது. கேதரிங் ஸ்டோர்ம் எண்ட விரிவாக்கத்தில 200-ஐ நாடுகளின்ரை எண்ணிக்கையால பெருக்கிறது. ஆறு நாடெண்டா 1200.

இதில கன பேர் கவனிக்காத ஒண்டு இருக்கு. உம்மட கலாசாரப் புள்ளி உம்மை நேரா வெல்ல வைக்காது. மற்றவன் உம்மை வெல்லாமல் தடுக்கும், சமூக மரத்தில (கலாசாரப் புள்ளியால படிப்படியாத் திறக்கிறது) வேகமா ஏத்தும், அவ்வளவுதான். வெல்ல வைக்கிறது சுற்றுலாப் புள்ளி. அது முதல் 100 டேர்னில அனேகமா ஒண்டுமே வராது. ஒரு எழுத்துப் படைப்புக்கு 2, ஒரு பழைய அதிசயத்துக்கு 2 எண்டு சொட்டுச் சொட்டாத்தான். 1200-க்கு ஒரு பயணி எண்டா நீரே கணக்குப் பாரும்.

அப்ப துவக்கத்தில என்ன செய்யிறது? பிறகு வரப்போற சாமான்களை வைக்க இடம் கட்டுறது. தியேட்டர் ஸ்குவயருக்குள்ள கட்டிற அம்பிதியேட்டர் ஒண்டில ரெண்டு எழுத்துப் படைப்பு வைக்கலாம். மியூசியம் ஒண்டில மூண்டு. ஒரு நகரத்துக்கு ஒரு தியேட்டர் ஸ்குவயர்தான். மூண்டு நகரமெண்டா ஆறு எழுத்து, ஒன்பது ஓவியம் இல்லாட்டி பழம்பொருள். பத்து நகரமெண்டா இருபதும் முப்பதும். அதிசயம் எத்தினை கட்டினாலும் இந்த இடைவெளியை மூட ஏலாது. நூறாவது டேர்னுக்குள்ள பத்து நகரம் எண்டது கன பேர் சொல்லுற கணக்கு. உம்மட மேப்பில எட்டு வந்தாலே நல்லது.

ஸ்டோன்ஹென்ஜ் விசயம். 14 டேர்ன் எண்டது உம்மட தலைநகருக்கு ரெண்டு செட்லர் போடுற நேரம். வடக்கையும் மேற்கையும் வெறுங் காணி கிடக்கேக்க நான் அதில ஒரு டேர்ன்கூட நிக்கமாட்டன். போட்ட உற்பத்தி அழியாது, வேறை ஆரும் கட்டி முடிக்காட்டி பிறகு திரும்பி வரலாம். ஆனா கொம்பியூட்டர் நாடுகளுக்கு ஸ்டோன்ஹென்ஜ் எண்டா உயிர், மிச்சம் வைக்காங்கள். கடைசி லெவலான டெயிட்டியில அவங்கள் மூண்டு செட்லரோடயே துவங்கிறாங்கள், அங்கை இதைப்பற்றி யோசிக்கவே தேவையில்லை. கிங்கில ஓட்டம் விட்டுப் பாக்கலாம், பாத்தென்ன பிரயோசனம்?

அதுக்காக அதிசயமே வேண்டாமெண்டும் இல்லை. நாடகமும் கவிதையும் எண்ட சமூகப் படிக்கு ஊக்கம் (படியைக் கெதியா முடிக்கிற சலுகை) கிடைக்கிறதே ஒரு அதிசயம் கட்டினாத்தான். தியேட்டர் ஸ்குவயர் திறக்கிறது அந்தப் படியிலதான். ஆனபடியா ஒண்டு வேணும். குன்று இருந்தா ஒரக்கிளைக் கட்டும். ஒரக்கிள் இருக்கிற நகரத்தில ஒவ்வொரு மாவட்டமும் பெரியாக்களுக்கான புள்ளியை ரெண்டு ரெண்டாக் கூட்டித் தரும். அதே நகரத்தில தியேட்டர் ஸ்குவயரும் வந்தா எழுத்தாளர், ஓவியர், இசைக்காரர் மூண்டு பக்கமும் ஓடும். தியேட்டர் ஸ்குவயரை அதிசயத்துக்குப் பக்கத்துக் கட்டத்தில வைச்சா அதுக்கு வேறை மேலதிக கலாசாரம்.

சமூக மரத்தில கோட் ஒஃப் லோஸ் முடிஞ்சோன்ன கோட் கிங் எண்ட கொள்கை அட்டையைப் போட்டு 25 நம்பிக்கை சேத்து ஒரு பந்தியோன் (துவக்க மத நம்பிக்கை) எடுத்திடும். டிவைன் ஸ்பார்க் கிடைச்சா நல்லது, எழுத்தாளர் புள்ளி கூடும். ஏர்லி எம்பயர் படிக்கு மொத்தச் சனத்தொகை ஆறு வந்தா ஊக்கம். அந்தப் படியில கொலனைசேசன் அட்டை வரும், செட்லர் உற்பத்தி 50 வீதம் கூடும். அட்டை வந்த பிறகுதான் வரிசையா செட்லர் விடோணும். அதுக்கு முதல் ஒண்டு ரெண்டு காணும். பொலிட்டிக்கல் பிலோசபிக்கு மூண்டு நகர அரசைச் சந்திக்க வேணும், ஆனபடியா ஸ்கவுட்டை (வேவுக்காரனை) வீட்டில வைச்சிருக்காதையும். அரசாங்கம் கிளாசிக்கல் ரிபப்ளிக். அதில வாற பொது அட்டை இடத்தில லிட்டரரி ட்ரடிசனைப் போட்டா டேர்னுக்கு ரெண்டு எழுத்தாளர் புள்ளி.

மாவட்டம் பற்றி ஒண்டு. சனத்தொகை 1-க்கு ஒரு மாவட்டம், 4-க்கு ரெண்டு, 7-க்கு மூண்டு. நீர் தொழில்நுட்பத்திலயும் சமூகத்திலயும் ஏற ஏற மாவட்ட விலையும் ஏறும். ஆனா கட்டத்தில வைச்ச அண்டைக்கு உள்ள விலைதான் கடைசிமட்டும். ஆனபடியா கட்ட வசதி இல்லாட்டியும் இடத்தைப் பிடிச்சு வைச்சிட்டு செட்லருக்குப் போம். காலபோகத்துக்கு மழையைப் பாத்துக்கொண்டிராமல் புழுதி விதைப்பு விதைக்கிறமே, அப்பிடி.

பிங்காலா எண்ட ஆளுநரைத் தலைநகரில வையும். ஆள் இருக்கிற நகரத்தில ஒரு சனத்துக்கு ஒரு கலாசாரம் வாற பதவியை முதல்ல எடும், பிறகு பெரியாள் புள்ளியை இரட்டிக்கிறது.

---

மல்லாவி மொபைல்

அண்ணை, குறை நினைக்காதையுங்கோ, நான் விளையாடுறது யூன்சிவ் எண்ட வேறை கேம். போனில. தலைப்பில 6 எண்டதை இப்பத்தான் வடிவாப் பாத்தன். யூன்சிவ் சிவ் 5-இன்ரை விதியளிலதான் ஓடுது. சுற்றுலா எண்ட கதையே அதில இல்லை. ஐஞ்சு கொள்கை மரத்தை முழுசா நிரப்பி யுட்டோப்பியா புரொஜெக்டைக் கட்டினா வெற்றி.

அங்கை உண்மையாவே நகரம் கூடினா கொள்கை விலை ஏறும். அதுதான் நாலு எண்டன்.

---

வீரைமரம் (ஒட்டுசுட்டான்)

மொபைல் தம்பி, அதையும் விரிவா எழுதுங்கோவன். லப்டொப் இல்லாத பிள்ளையள் கன பேர் இஞ்சை வாசிக்கினம். யூன்சிவ் இலவசம், டேற்றா இல்லாமலும் ஓடும். அவையளுக்கு உங்கட பதில்தான் உதவும்.

---

மல்லாவி மொபைல்

சரி அக்கா. சுருக்கமாச் சொல்லுறன், பெருவிரலால தட்டுறதால பிழையள் இருக்கும்.

முதல்ல ட்ரடிசன் மரம். திறந்தோன்னயே தலைநகருக்கு 3 கலாசாரம். பிறகு லீகலிசம், முதல் நாலு நகரத்துக்கும் ஒவ்வொரு கலாசாரக் கட்டிடம் சும்மா வரும். அதால மற்ற நகரங்களில மொனுமென்டுக்கு உற்பத்தியைச் செலவழிக்காதையுங்கோ, தானா வரும். தலைநகரில மட்டும் முதலே கட்டலாம், அங்கை பொறுத்துக்கொண்டிருந்தா முதல் கொள்கையே பிந்தும். ஒரக்கிள் அதிசயம் ஒரு கொள்கையைச் சும்மா தரும், அதை விடவே கூடாது. 6-இல அண்ணை சொன்ன ஒரக்கிளுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, பேர் மட்டும்தான் ஒண்டு.

கலாசார நகர அரசுகளோட சினேகிதம் பிடியுங்கோ, டேர்னுக்கு டேர்ன் கலாசாரம் தருவினம். காட்டுமிராண்டியளின்ரை முகாமை அடிச்சா அவையளுக்குச் சந்தோசம்.

இன்னொண்டு, இதைக் கன பேர் கவனிக்கிறேல்லை: பிடிச்ச நகரத்தை உங்கட நகரமாச் சேக்காமல் பொம்மை நகரமா விட்டா கொள்கை விலை ஏறாது. கலாசாரம் மட்டும் வரும். ஆனபடியா நாலு நகரம் எண்டாலும் சண்டை பிடிக்க ஏலாதெண்டில்லை. நான் தலைநகருக்கு மல்லாவி எண்டு பேர் மாத்திப்போட்டு, பக்கத்துச் சீனாக்காரன்ரை ரெண்டு நகரத்தைப் பொம்மையா வைச்சிருக்கிறன். ஒண்டுக்குத் துணுக்காய், மற்றதுக்கு நட்டாங்கண்டல்.

லிபர்ட்டி மரம் பற்றி ஆரும் கேட்டா: அது கன நகரத்துக்காரருக்கு. கலாசார வெற்றிக்கு அதில நேரம் கழிக்கவேண்டாம் எண்டது என்ரை எண்ணம். ஐஞ்சாவது மரம் தேவைப்பட்டா பிறகு பாப்பம்.

---

முறிகண்டிக் கடலை

குளக்கட்டு அண்ணை, நன்றி. ஸ்டோன்ஹென்ஜை நிப்பாட்டி செட்லர் போட்டிட்டன். ஆனா பிங்காலா எங்கையெண்டு தெரியேல்லை. எல்லா மெனுவும் தேடிப்போட்டன். ஆள் எந்த டேர்னில வருவார்?

---

குளக்கட்டு

தம்பி, எபிக்கில சும்மா எடுத்ததெண்டு முதல் வரியிலயே சொல்லியிருக்கிறீர். அப்ப உம்மட்டை அடிப்படை கேம் மட்டும்தான் இருக்கும். ஆளுநர்மார் வந்தது 2018-இல வந்த ரைஸ் அன்ட் ஃபோல் விரிவாக்கத்தோட. உம்மட கேமில பிங்காலா வரவே வரார். கவர்ன்மென்ட் பிளாசா மாவட்டமும் இல்லை. கடைசி நேரத்தில நம்பிக்கைப் புள்ளியால வாங்கிற ரொக் பாண்டும் இல்லை, அது 2019-இல கேதரிங் ஸ்டோர்மில வந்தது.

ஆனா இதில உமக்கொரு பெரிய இலாபம் இருக்கு. விசுவாசம் எண்ட விதியும் ரைஸ் அன்ட் ஃபோலோடதான் வந்தது. அது உள்ள கேமில, பெரிக்கிளிஸின்ரை பெரிய நகரங்களுக்குப் பக்கத்தில சின்ன நகரத்தை வைச்சா சனம் அவற்றை பக்கம் சாஞ்சு நகரமே கைவிட்டுப் போயிடும். உம்மட்டை அந்தப் பயம் இல்லை. ஆனபடியா முதல் ரெண்டு செட்லரையும் கிழக்கை அனுப்பும். அவருக்கும் உமக்கும் நடுவில நல்ல ஆத்தோரம் இருந்தா அங்கை வையும். வடக்கும் மேற்கும் உமக்குப் பின்னாலதானே கிடக்கு, ஆறுதலா நிரப்பலாம். முதல்ல பின்பக்கத்தை நிரப்பினா, முன்பக்கம் அவற்றை காணியாப் போயிடும்.

நீர் றோம் எடுத்ததும் நல்லதாப் போச்சு. ட்ராஜனின்ரை சலுகையால நீர் துவங்கிற ஒவ்வொரு நகரத்திலயும் மொனுமென்ட் சும்மா நிக்கும். புது நகரம் பிறந்த டேர்னிலயே கலாசாரம் தரும், எல்லையும் கெதியா விரியும். வேறை நாடெண்டா ஒவ்வொரு நகரத்திலயும் அதுக்கெண்டு உற்பத்தி போடோணும். கன நகரம் எண்ட வழிக்கு இதைவிட லேசான நாடு அடிப்படை கேமில ரஷ்யாதான். அவையின்ரை லாவ்ரா எண்ட மாவட்டம் கோயில் மாவட்டத்துக்குப் பதிலா வாறது, விலை அரைவாசி, அதுக்குள்ளயே எழுத்தாளர் ஓவியர் புள்ளியும் ஓடும்.

---

வீரைமரம்

அண்ணை சொன்னதோட ஒத்துப்போறன், ஆனா ரெண்டு இடத்தில எனக்கு வேறை எண்ணம்.

முதலாவது, காடு. கடலைத்தம்பி வடமேற்கில மலையும் காடும் இருக்கெண்டு எழுதினவர். இந்த இழையில அதைப்பற்றி ஆருமே கதைக்கேல்லை. செட்லர் கெதியா வேணுமெண்டு எல்லாரும் செய்யிறது காட்டை வெட்டி உற்பத்தி எடுக்கிறது. தலைநகருக்குப் பக்கத்துக் காட்டை வெட்டுங்கோ, பரவாயில்லை. மலையடிக் காட்டில கைவைக்காதையுங்கோ.

ஏனெண்டா பிறகு தேசியப் பூங்கா வருது. வைர வடிவத்தில நாலு கட்டம், நாலும் ஒரே நகரத்துக்குச் சொந்தமா இருக்கோணும், ஒண்டிலயும் கட்டுமானம் இருக்கக்கூடாது. ஒவ்வொண்டும் மலையாவோ இயற்கை அதிசயமாவோ இருக்கோணும், இல்லாட்டி அழகுப் புள்ளி 2-க்குக் குறையாமல் இருக்கோணும். அந்த நாலு கட்டத்தின்ரை அழகுப் புள்ளியைக் கூட்டி வாறதுதான் டேர்னுக்குச் சுற்றுலா. மலையும் காடும் பக்கத்துக் கட்டத்தின்ரை அழகைக் கூட்டும். சுரங்கமும் கல்லுடைக்கிற இடமும் குறைக்கும். தொழிற்பேட்டை மாவட்டமும் இராணுவ முகாம் மாவட்டமும் குறைக்கும். தியேட்டர் ஸ்குவயரும் கோயில் மாவட்டமும் கூட்டும். டேர்ன் 40-இல ஒரு சுரங்கத்துக்கு ஆசைப்பட்டு நாசமாக்கின இடத்தை டேர்ன் 200-இல திருத்திறது பெரிய வேலை.

நான் செய்யிறது என்னெண்டா, மேப்பில குறி குத்திற வசதி இருக்குதானே, துவக்கத்திலயே நாலு கட்டத்துக்கும் குறி குத்திப்போடுவன். நகரத்தை எங்கை வைச்சா நாலும் அதின்ரை எல்லைக்குள்ள வரும் எண்டு பாத்துத்தான் செட்லரை நிப்பாட்டிறது. ரெண்டு நகரத்துக்கு நடுவில பூங்கா பிரிஞ்சு கிடந்தா, பிறகு கட்டங்களைக் கைமாத்திக்கொண்டு நிக்கோணும்.

ரெண்டாவது, நம்பிக்கைப் புள்ளி. அண்ணை பந்தியோனோட விட்டிட்டார். பூங்கா அமைக்கிற இயற்கையாளரை நம்பிக்கைப் புள்ளியாலதான் வாங்கலாம், காசால ஏலாது. ஆனபடியா மதம் துவங்காட்டியும் மலையடியில ரெண்டு கோயில் மாவட்டமாவது முதல் நூறு டேர்னுக்குள்ள வேணும். மலை பக்கத்தில இருந்தா மேலதிக நம்பிக்கை வருமெண்டபடியா அந்த வடமேற்கு நகரத்துக்கு அது பொருத்தம்.

கண்டியைச் சிரிச்சிட்டு விடாதையுங்கோ தம்பி. கண்டிக்குத் தூதர் கூட அனுப்பி மேலாண்மை எடுத்தா, நீங்கள் புதுசா ஒரு இயற்கை அதிசயத்தைக் கண்டுபிடிக்கிற ஒவ்வொரு முறையும் ஒரு புனிதப் பொருள் கிடைக்கும். ஒரு புனிதப் பொருள் டேர்னுக்கு 8 சுற்றுலா, 4 நம்பிக்கை. எழுத்துப் படைப்பு 2 எண்டு அண்ணை சொன்னதோட ஒப்பிட்டுப் பாருங்கோ. மேலாண்மை எடுக்கமுதல் ஸ்கவுட் கண்ட அதிசயங்களுக்குக் கிடையாது, அதுதான் அவசரம். முதல் பொருள் அரண்மனையில நிக்கும், மற்றதுகளுக்குக் கோயில் கட்டிடம் வேணும்.

---

குளக்கட்டு

தங்கச்சி சொன்ன கண்டிக் கதை எனக்கு மறந்தே போச்சு. அது நல்ல வழி. பெரிக்கிளிஸ் பக்கத்தில இருக்கிறபடியா ஒரு சிக்கல் மட்டும் இருக்கு: தான் தூது அனுப்பிற நகர அரசோட மற்றவை போட்டிபோட்டா அவருக்குக் கோவம் வரும், அது அவற்றை குணம். கண்டியை எடுத்தீரெண்டா அவரோட உறவு கசக்கும். எல்லையில ரெண்டு வில்லுக்காரரை வைச்சுக்கொண்டு செய்யும்.

கோயில் மாவட்டம் ரெண்டு எண்டது எனக்கு இன்னும் கூடத்தான் தெரியுது. முதல் நூறு டேர்னுக்குள்ள ஒண்டு காணும், மற்றது பிறகு. சந்தை மாவட்டம் முக்கியம். வணிகப் பாதை உள்ள நாட்டில இருந்து சுற்றுலா 25 வீதம் கூட வரும். ஐஞ்சு நாட்டுக்கும் பாதை விட ஐஞ்சு வணிகர் வேணும்.

---

வீரைமரம்

சந்தைக்கு அவசரமில்லை அண்ணை. சுற்றுலா இல்லாத நேரத்தில 25 வீதம் கூடினா என்ன, கூடாட்டி என்ன? நம்பிக்கைப் புள்ளி எண்டா முதல் டேர்னில இருந்து சேந்துகொண்டே கிடக்கும்.

---

குளக்கட்டு

வணிகர் காசும் உணவும் கொண்டுவருவினம், செட்லர் வாங்கக் காசு வேணும். ஆனா நீங்கள் சொல்லுறதிலயும் ஞாயம் இருக்கு. தம்பி தன்ரை காணியைப் பாத்துச் செய்யட்டும்.

---

உழுந்துவடை

இவ்வளவு கணக்கு எதுக்கு? 1803-இல பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடிச்ச மாதிரி போய் பெரிக்கிளிஸின்ரை ஏதென்சைப் பிடியும். அவன் கட்டின அதிசயம் எல்லாம் உமக்கு.

---

வீரைமரம்

வடை பகிடிக்குச் சொன்னாலும் அதில விசயம் இருக்கு. அண்ணை எழுதின கணக்கைத் திருப்பிப் பாருங்கோ. உங்கட வெளிநாட்டுப் பயணியள் தாண்ட வேண்டியது மற்றவையின்ரை உள்ளூர்த் தொகையை. ஆறு நாட்டில ஆருக்குக் கலாசாரம் கூடவோ அவர்தான் தடை, அது அனேகமா பெரிக்கிளிஸ்தான். நகர அரசுகளுக்கு மேலாண்மை எடுக்க எடுக்க அவற்றை கலாசாரம் கூடும். அவற்றை அக்ரோபொலிஸ் தியேட்டர் ஸ்குவயருக்குப் பதிலா வாறது, விலை அரைவாசி. அவரை விட்டா 250-ஆவது டேர்னில அவரைத் தாண்டிறது கஷ்டம்.

பழங்காலத்தில போர் துவங்கினா கெட்டபேர் வராது, செந்நெறிக் காலத்தில கொஞ்சம் வரும், பிறகு பிறகு கூடிக்கொண்டே போகும். அவர் மதில் கட்டமுதல் எண்டா லேசு. றோமின்ரை லீஜன் படை வாள்காரர் வகை, அவற்றை ஹொப்லைட் ஈட்டிக்காரர். வாளுக்கு ஈட்டிக்கு எதிரா மேலதிக பலம் உண்டு. ரெண்டு ஹொப்லைட் பக்கத்தில பக்கத்தில நிண்டா அவைக்கும் பலம் கூடும், பிரிச்சு அடிக்கோணும்.

நான் செய்வனோ எண்டு கேட்டா, செய்யமாட்டன். செட்லருக்குப் போற உற்பத்தி படைக்குப் போயிடும், பக்கத்தில வெறுங் காணி கிடக்கேக்க அது நட்டம். காணி இல்லாமல் நெருக்கின மேப்பெண்டா யோசிப்பன்.

---

ஸ்காபரோ வன்னியான் (டொரன்டோ, முந்தி நெடுங்கேணி)

ஏன் எல்லாரும் இன்னும் 6? 2025 பெப்ரவரியில 7 வந்திட்டுது. சோழர் இருக்கினம்! நடுக்காலத்தில சோழரை எடுத்து விளையாடலாம். கலாசார வெற்றியும் வேறை மாதிரி, 7 வெளிவரேக்க கடைசிக் காலத்தில பழம்பொருள் தோண்டிச் சேத்து உலகக் கண்காட்சி கட்டுறதா இருந்தது. துவக்கத்தில எட்டு நகரம் பத்து நகரம் எண்டு ஓடவும் தேவையில்லை, குடியிருப்பு எண்ணிக்கைக்கு வரம்பு இருக்கு, தாண்டினா சனத்தின்ரை மகிழ்ச்சி குறையும்.

---

முறிகண்டிக் கடலை

அண்ணை, என்ரை லப்டொப் 6-ஐயே மூச்சு வாங்கி வாங்கித்தான் ஓட்டுது. 7 போட்டா எரிஞ்சுபோம். சோழருக்கு இன்னும் கொஞ்சக் காலம் பொறுக்கோணும்.

---

உழுந்துவடை

ஸ்காபரோ அண்ணை, பழைய லப்டொப் ஒண்டு அனுப்பிவிடுங்கோ. பேர் போட்டு நன்றி சொல்லுவம்.

---

குளக்கட்டு

சிவ் 6-இல எனக்கொரு குறை. அணைக்கட்டு இருக்கு, கால்வாய் இருக்கு, நீர்க்குழாய் இருக்கு, இந்தியாவுக்குப் படிக்கிணறு இருக்கு. ஒரு குளத்தைக் கட்டி வயலுக்குத் தண்ணி பாய்ச்ச ஏலாது. வன்னியான் ஒருத்தனும் அந்தக் கம்பனியில இல்லைப்போல. சரி, அது வேறை கதை.

கடலை, எப்பிடிப் போகுது?

---

முறிகண்டிக் கடலை

இப்ப டேர்ன் 97. எட்டு நகரம். கிழக்கை ரெண்டை முதல்ல வைச்சன், அண்ணை சொன்னமாதிரி பெரிக்கிளிஸ் அந்தப் பக்கம் பிறகு வரேல்லை. ஸ்டோன்ஹென்ஜை வேறை ஆரோ கட்டிப்போட்டினம். குன்றில ஒரக்கிள் எனக்கு வந்திட்டுது, அதுக்குப் பக்கத்துக் கட்டத்தில தியேட்டர் ஸ்குவயர். மொத்தமா மூண்டு தியேட்டர் முடிஞ்சுது, வேறை ரெண்டு நகரத்தில இடம் பிடிச்சு வைச்சிருக்கிறன். கண்டி என்ரை கையில. மேலாண்மை எடுத்த பிறகு தெற்கை ஸ்கவுட் ஒரு இயற்கை அதிசயத்தைக் கண்டு, ஒரு புனிதப் பொருளும் வந்து அரண்மனையில இருக்கு. வடமேற்குக் காட்டில வீரை அக்கா சொன்னபடி குறி குத்தி வைச்சிருக்கிறன், ஒரு மரமும் வெட்டேல்லை.

பிரச்சினை என்னெண்டா முதல் எழுத்தாளர் எனக்கு வந்தார், அடுத்த ரெண்டு பேரையும் பெரிக்கிளிஸ் கொண்டுபோட்டார். அம்பிதியேட்டரில இடம் வெறுமையாக் கிடக்கு. அடுத்த எழுத்தாளருக்கும் அவர்தான் முன்னுக்கு நிக்கிறார். கையில 900 பொன் இருக்கு. காசு குடுத்து எழுத்தாளரை எடுக்கவோ, அதுக்குப் பதிலா இன்னொரு செட்லர் வாங்கவோ?

---

வீரைமரம்

ரெண்டும் வேண்டாம். பெரிக்கிளிஸோட பேரம் பேசிற பக்கத்துக்குப் போய், அவரிட்டை இருக்கிற எழுத்துப் படைப்பை விலைக்குக் கேளுங்கோ. கொம்பியூட்டர் நாடுகள் படைப்புகளைச் சில நேரம் மலிவாக் குடுக்கும். உறவு கசந்திருந்தா விலை கூடும், அப்பவும் கேட்டுப் பாருங்கோ, பேரத்தில காசு போகாது. வாங்கினா ரெண்டு வேலை முடியும்: உங்களுக்குச் சுற்றுலா, அவருக்குக் கலாசாரக் குறைவு. அவற்றை நாட்டோட எல்லைத் திறப்பு ஒப்பந்தத்தையும் அதிலயே சேத்துக் கேளுங்கோ, அதுக்கும் சுற்றுலா 25 வீதம்.

---

முறிகண்டிக் கடலை

அக்கா, கேட்டன். ஒரு படைப்பை 210 பொன்னுக்குக் குடுத்திட்டார்! மற்றதுக்கு முகத்தைச் சுழிக்கிறார். எல்லையும் திறக்கமாட்டாராம். கண்டி விசயத்தில கோவம்போல.

---

குளக்கட்டு

210 நல்ல விலை. மற்றதுக்கு ஒரு பத்து டேர்ன் விட்டிட்டுக் கேளும். எல்லைக்கு மற்ற நாலு நாட்டையும் முதல்ல பாரும், பெரிக்கிளிஸைப் பிறகு பாப்பம்.

மிச்சம் 690-இல செட்லர் வாங்காதையும், எட்டு வந்திட்டுது, நல்ல காணியும் முடிஞ்சிருக்கும். இடம் பிடிச்சு வைச்ச ரெண்டு தியேட்டரும் முடிஞ்சோன்ன அங்கை அம்பிதியேட்டரைக் காசுக்கு வாங்கும், புது நகரங்களில உற்பத்தியால கட்டினா கன நேரம் எடுக்கும். ஒவ்வொண்டும் எழுத்தாளர் புள்ளியும் தரும், அடுத்தவரை அவர் கொண்டுபோனாலும் அதுக்கடுத்தவரைப் பிடிக்கலாம்.

சமூக மரத்தில இனி ஹியூமனிசத்துக்கு நேராப் போம். ஓவியர் ஒராளை எடுத்தா அதுக்கு ஊக்கம், ஒரக்கிள் நகரத்தில அந்தப் புள்ளியும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். அங்கை மியூசியம் ரெண்டு வகை வரும், ஒரு தியேட்டரில ஒண்டுதான் கட்டலாம். எல்லாத்திலயும் ஒரே வகையைப் போட்டிடாதையும். ஓவியருக்குப் பெரிக்கிளிஸோட போட்டி எண்டபடியா உமக்குப் பழம்பொருள் வகை கூட இருக்கட்டும், தோண்டுற இடம் மேப் முழுக்கக் கிடக்கும். ஒரே காலத்துப் பொருள் மூண்டு, மூண்டும் வேறை வேறை நாட்டினது எண்டு சேத்தா அந்த மியூசியத்தின்ரை சுற்றுலா இரட்டிக்கும். தோண்ட ஆள் நச்சரல் ஹிஸ்டரி படிக்குப் பிறகுதான் வரும். அந்த நேரம் இதிலயே எழுதும், எந்த இடத்தை முதல் தோண்டிறதெண்டு பாப்பம்.

---

மல்லாவி மொபைல்

ஒண்டு கேக்கோணும், யூன்சிவில ட்ரடிசன் முடிச்சிட்டன். அடுத்த கொள்கை மரம் பையட்டியோ பேட்ரனேஜோ? நகர அரசு மூண்டு பக்கத்தில இருக்கு, மூண்டும் கலாசார வகை.

---

வீரைமரம்

மூண்டும் கலாசார வகையெண்டா பேட்ரனேஜ். சினேகிதம் கெதியாக் கரையாது. பையட்டி அதுக்குப் பிறகு.